சித்திரை மீனும் சேணிடை வானொலி மூலங்களும்

தமிழ் நூல்களின் காலத்தை, அவற்றுள் வரும் கோள்நிலை, மீன்நிலைக் குறிப்புக்களால் வரையறுக்க முயன்றோர் பலர். அம்முயற்சிகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு தடையும் உடன் எழுதலை நாம் கண்டுள்ளோம். “விண்மீன் மண்டிலமே நம் கணக்கில் ஆண்டுதோறும் நகர்கின்றது; எவ்வளவு நகர்கின்றது என்பதிலோ ஆளுக்கொரு வாய்பாடு. இத்தகைய நெகிழ்ந்த நிலத்தின்மேல் இலக்கிய வரலாற்றைக் கட்டலாமோ?” என்பதே அத்தடை. இது புறக்கணிக்கத் தக்கதன்று. ஆனால் சென்ற அரை நூற்றாண்டில் அந்நகர்ச்சியை அளக்கும் முறை அடியோடு மாறிவிட்டது. கண்ணுக்குப் புலப்படும் மீன்களை விடுத்துப் பல கோடி ஒளியாண்டுகட்கு அப்பாலுள்ள வானொலி மூலங்களை அளவுகோலாகக் கொண்டனர் அறிஞர். அதனால் கிடைத்த துணிபு யாது, அது நம் நூலாராய்ச்சிக்கு எவ்வளவு உதவும், எங்கே உதவாது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஒரு கோலும் அதன் நிழலும்

கடலூர் மாவட்டத்துக் கம்மாபுரம் நிலநடுவரைக்கு வடக்கே ஏறத்தாழ 11½ பாகையில் உள்ளது. அவ்வூரில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டு நண்பகலில் நோக்குவோமாயின், ஆண்டில் இரண்டு நாள்களில் அதன் நிழல் எப்பக்கமும் சாயாது அடியிலேயே ஒடுங்கக் காணலாம். அவற்றுள் முன்னது ஏப்ரல் 20-ஐ ஒட்டி வரும். பின்னது ஆகஸ்டு 22-ஐ ஒட்டி வரும். முன்னதை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

அந்நாள், பகலும் இரவும் ஒத்த மார்ச்சுச் சமநாளிலிருந்து ஞாயிறு சரியாக ஓர் இராசி அளவு, அஃதாவது 30 பாகை, சென்ற நாளாகும். பஞ்சாங்கத்தைப் புரட்டினால் அன்று சித்திரை 7 எனக் காண்கின்றோம். மேடத்தின் முதற்புள்ளியும் சமநாட் புள்ளியும் ஒன்றாய் இருந்த காலத்திலோ அந்நாள் சித்திரைத் திங்களின் இறுதி நாளாய் இருந்திருத்தல் வேண்டும். கோல் அதுவே, ஊரும் அதுவே, ஞாயிறு தலைக்குமேல் வரும் பருவமும் அதுவே. திங்கட் பெயர் மட்டும் இருபத்து நான்கு நாள் அளவு விலகிவிட்டது. தைத் திங்கள் முதல்நாளை உத்தராயணத் தொடக்கமாகக் கொண்டாடுகின்றோம். ஞாயிறு வடக்கு நோக்கித் திரும்புவதோ டிசம்பர் 21, 22-லேயே நிகழ்ந்துவிடுகின்றது. இதற்கும் காரணம் அதுவே. இவ்விலகலுக்கு அயன சலனம் என்பது பெயர்.

2. அயன சலனமாவது யாது

சுழலும் பம்பரம் தளர்கையில் அதன் அச்சு மெல்லத் தலையாட்டி ஒரு வட்டம் இடுதலைச் சிறுவரும் அறிவர். நிலவுலகும் அவ்வாறே தன் அச்சினால் விண்ணில் ஒரு வட்டம் இடுகின்றது. ஆனால் காரணம் தளர்ச்சியன்று. நிலவுலகு முழு உருண்டையாய் இல்லாது நடுவரையில் சற்றே புடைத்திருக்கின்றது. அப்புடைப்பைத் திங்களும் ஞாயிறும் ஈர்க்கின்றன. சுழலும் பொருளை ஒருபுறம் இழுத்தால் அது இழுத்த புறம் சாயாது, அதற்குக் குறுக்கே திரும்பும். இவ்வியல்பினால் அச்சு ஏறத்தாழ 25,800 ஆண்டுகளில் ஒரு சுற்று முடிக்கின்றது. அச்சுத் திரும்பவே, வானநடுவரையும் ஞாயிற்று வீதியும் வெட்டும் சமநாட் புள்ளியும் விண்மீன்களிடையே பின்னோக்கி நகர்கின்றது. நகர்ச்சி ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 50 விகலை. ஒரு பாகை 60 கலை என்பதும், ஒரு கலை 60 விகலை என்பதும் நம் பஞ்சாங்க வழக்கே.

இதனால் இருவகை ஆண்டுகள் உளவாகின்றன. ஞாயிறு ஒரு விண்மீனினின்று புறப்பட்டு மீண்டும் அம்மீனை அடையும் ஆண்டு ஒன்று. இதனை நிராயன ஆண்டு என்பர். சமநாட் புள்ளியினின்று அப்புள்ளியையே அடையும் ஆண்டு மற்றொன்று. இது சாயன ஆண்டு. முன்னது பின்னதினும் 20 நிமிடம் மிகும். தமிழ்ப் பஞ்சாங்கம் நிராயன வழிப்பட்டது. மழையும் வெயிலும் சாயன வழிப்பட்டவை. எழுபது ஆண்டுக்கு ஒருநாள் என்னும் அளவில் இரண்டும் பிரிந்துகொண்டே செல்கின்றன.

3. சித்திரை மீனை நட்ட கோலாகக் கொண்டமை

இந்நகர்ச்சியை முதன்முதல் கண்டறிந்தவர் கி.மு. இரண்டாம் நூற்றாண்டினராகிய ஹிப்பார்க்கஸ் என்னும் கிரேக்க அறிஞர். அவர் துணைக்கொண்ட மீன் எது என்பது நமக்கு உவகை தரும் செய்தி. அது கன்னி இராசியிலுள்ள சித்திரை மீனே. தமக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முற்பட்ட திமோக்காரிஸ் என்பார் அம்மீனின் நிலையைக் குறித்து வைத்திருந்தார். அதனோடு தம் அளவை ஒப்பிட்ட ஹிப்பார்க்கஸ், சமநாட் புள்ளியினின்று அம்மீனின் தொலைவு 8 பாகையினின்று 6 பாகையாகக் குறைந்திருத்தலைக் கண்டார்.

இந்திய வானூலாருள் சூரிய சித்தாந்த வழியினர் ஆண்டுக்கு 54 விகலை எனக் கொண்டனர். 1768-இல் வெள்ளியின் கடப்பை நோக்குதற்குப் புதுச்சேரிக்கு வந்த லெ ஜாந்தீல் என்னும் பிரெஞ்சு வானூலார், அங்குத் தமிழ்க் கணிதரிடம் கற்றபோது இதே 54 விகலையையும், அதனால் பெறப்படும் 24,000 ஆண்டுச் சுற்றையும் கேட்டறிந்து தம் நாட்டினர்க்கு எழுதினார். கருவிகளின் துணை குறைந்த காலத்தில் இவ்வளவு நெருங்கி வந்தமை பாராட்டற்குரியது. எனினும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ நான்கு விகலைப் பிழை, இரண்டாயிரம் ஆண்டில் இரண்டு பாகையாய் வளர்ந்துவிடும். ஞாயிறு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு பாகை செல்வதாகலின் அது இரண்டு நாட் பிழையாகும். தொடக்கத்தில் கூறிய தடைக்கு வேர் இங்கேதான் உள்ளது.

விடுதலைக்குப் பின், 1952-இல் மேகநாத சாகா தலைமையில் இந்திய அரசு அமைத்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு தன் அறிக்கையை 1955-இல் அளித்தது. அக்குழு 1956 மார்ச்சு 21-ஆம் நாளுக்குரிய அயனாம்சத்தை 23 பாகை 15 கலை என வரையறுத்தது. இவ்வளவு, சித்திரை மீனை மேடத் தொடக்கத்திற்கு நேர் எதிரே, 180-ஆம் பாகையில் வைத்து எண்ணும் மரபைத் தழுவியது. ஹிப்பார்க்கஸ் காலத்திலும் நம் காலத்திலும் சித்திரை மீனே நட்ட கோலாய் நின்றமை இதனால் புலனாம்.

ஆனால் அக்கோலும் அசைகின்றது. சித்திரை மீன் நம்மிடமிருந்து ஏறத்தாழ 250 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. விண்வெளியில் தனக்கென ஓர் இயக்கம் உடையதாகலின் அது ஆண்டுதோறும் விகலையில் இருபதில் ஒரு பங்கு அளவு இடம்பெயர்கின்றது. கண்ணுக்குத் தெரியும் மீன் யாவும் இத்தகையனவே. அனைத்தும் பால்வீதியின் நடுவைச் சுற்றுவன. ஞாயிறும் உடன் சுற்றுகின்றது. ஓடும் படகிலிருந்து ஓடும் பிற படகுகளை நோக்கித் தன் படகின் திருப்பத்தை அளக்க முயல்வான் ஒருவன் படும் இடர்ப்பாட்டையே மீன்களைக் கொண்டு அயன சலனத்தை அளந்தோரும் பட்டனர். காணப்படும் பெயர்ச்சியில் நிலவுலக அச்சின் பங்கு எவ்வளவு, மீன்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்தல் அரிதாயிற்று. இவ்விடர் தீர அசையாத கரை ஒன்று வேண்டியிருந்தது.

4. கரை கண்ட வரலாறு

அக்கரையின் முதல் அடையாளமும் கன்னி இராசியிலேயே கிடைத்தமை ஒரு தற்செயல். சித்திரை மீனுக்கு ஏறத்தாழ 19 பாகைத் தொலைவில் 3சி 273 என எண்ணிடப்பெற்ற வானொலி மூலம் ஒன்று உண்டு. 1962-இல் திங்கள் அதனை மறைத்து மறைத்துச் சென்றபோது, ஆஸ்திரேலியாவிலுள்ள பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கியால் சிரில் ஹசார்டு முதலியோர் அம்மறைவு நேரங்களைக் குறித்தனர். திங்களின் விளிம்பு எந்நொடியில் எங்கு நிற்கும் என்பது தெரிந்ததாகலின், மூலத்தின் இடம் நுட்பமாகப் புலப்பட்டது. 1963-இல் மார்ட்டின் சுமித்து அவ்விடத்துள்ள மங்கிய ஒளிப்புள்ளியின் நிறமாலையை ஆராய்ந்து, அது மீனன்று, ஏறத்தாழ 240 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள ஒன்று எனக் கண்டார். குவாசர் எனப் பெயர்பெற்ற இவ்வினத்தின் பேராற்றல், ஓர் அண்டத்தின் நடுவிலுள்ள பெருங்கருந்துளையில் பொருள் வீழ்தலால் எழுவது.

இத்தொலைவே நமக்குப் பயன்படுவது. அத்தொலைவிலுள்ள ஒரு பொருள் நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் விரைவில் குறுக்கே ஓடினும், ஆண்டொன்றில் அது நமக்குக் காட்டும் பெயர்ச்சி விகலையின் பத்துலட்சத்தில் ஓரிரு பங்கே. தொலைவிலுள்ள மலை, நாம் வண்டியில் செல்லுகையில் உடன் நிற்பதுபோல் தோன்றுவதன் காரணமும் இதுவேயன்றோ?

திங்கள் மறைப்பு முறையைப் பேரளவில் கையாண்ட பெருங்கருவி ஒன்று தமிழ்நாட்டிலேயே உண்டு. உதகமண்டலத்தை அடுத்த முத்தொரையில் கோவிந்த் சுவரூப் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் அமைத்த வானொலித் தொலைநோக்கி 1970-இல் இயங்கத் தொடங்கியது. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடைய அது, வடக்கு நோக்கி 11 பாகை அளவு உயரும் மலைச்சரிவில் கிடத்தப்பட்டுள்ளது. முத்தொரையின் அகலக்கோடும் அதுவேயாகலின் கருவியின் நீளம் நிலவுலக அச்சுக்கு இணையாய் அமைந்துவிட்டது. கம்மாபுரத்து வயல்வெளியில் நின்று வடவானில் துருவமீனை நோக்கும் ஒருவன் தன் பார்வையை எவ்வளவு உயர்த்துகின்றானோ, ஏறத்தாழ அதே சாய்வு. கருவியை அவ்வோர் அச்சில் உருட்டினாலே வானொலி மூலத்தை மணிக்கணக்காகப் பின்தொடரலாம். அயன சலனத்தை அளந்தது இக்கருவி அன்று. ஆயினும் அச்சு திசைமாறுகின்றது என்பதனை நினைவில் வைத்து, மூலங்களின் இடத்தை அன்றன்றைக்குத் திருத்திக்கொண்டே இதனை இயக்குதல் வேண்டும்.

5. அளக்கும் முறை

ஒரு தொலைநோக்கி எவ்வளவு பெரிதாயினும் வானொலியில் அதன் கூர்மை குறைவே. வானொலியின் அலைநீளம் பெரிது. கூர்மை மிக வேண்டுமாயின் கருவியின் அகலம் மிகவேண்டும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலமுடைய கருவியைக் கட்டல் இயலாது. ஆகவே அத்துணைத் தொலைவில் இரு தொலைநோக்கிகளை நிறுத்தி ஒன்றுபோல் பயன்படுத்தும் வழியை 1967-இல் கண்டனர்.

முறை இது. இரு கண்டங்களில் நிற்கும் இரு தொலைநோக்கிகள் ஒரே குவாசரை ஒரே வேளையில் நோக்குகின்றன. அங்கிருந்து வரும் அலைமுகம் இரண்டையும் ஒருங்கே எய்தாது. ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னும் எய்தும். ஒவ்வோரிடத்தும் ஐதரசன் மேசர் என்னும் மிகத் திருத்தமான கடிகாரத்தின் நேரக்குறியோடு அலை பதியப்படுகின்றது. பின்னர் இரு பதிவுகளையும் ஓரிடத்தில் கொணர்ந்து, ஒன்றன்மேல் ஒன்று முற்றும் பொருந்தும்வரை நகர்த்துகின்றனர். எவ்வளவு நகர்த்தினால் பொருந்துமோ அதுவே காலத்தாழ்வு. அதனை ஒளியின் விரைவால் பெருக்கினால், இரு நிலையங்களையும் இணைக்கும் கோடு குவாசரின் திசையோடு எவ்வாறு சாய்ந்திருந்தது என்பது பெறப்படும். ஒலியை இரு செவியாலும் கேட்டு வந்த திசையை நாம் உணர்தல் இதற்கு ஒரு சிற்றுவமை.

ஒருநாள் முழுதும் பல மூலங்களைப் பல நிலையங்களால் இவ்வாறு நோக்கினால், மூலங்களின் இடம், நிலையங்களின் இடம், அன்று நிலவுலக அச்சு நின்ற திசை ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணித்துக்கொள்ளலாம். காற்று மண்டலத்தின் மேலடுக்கிலுள்ள மின்துகள்கள் அலையைத் தாழ்த்துதலால், ஏறத்தாழ 3.6 சென்டிமீட்டர், 13 சென்டிமீட்டர் என்னும் இரு அலைநீளங்களில் ஒருங்கே நோக்கி அப்பிழையைக் களைவர். இன்று எட்டப்படும் கூர்மை விகலையின் ஆயிரத்தொரு கூற்றினும் நுண்ணியது. அவ்வாயிரத்தொரு கூறு நிலவுலகின் மேற்பரப்பில் மூன்று சென்டிமீட்டருக்கு நிகர்.

6. பெற்ற முடிபு

பன்னாட்டு வானியல் கழகம் 1976-இல் ஏற்ற வாய்பாட்டின்படி அயன சலனம் நூற்றாண்டுக்கு 5029.0966 விகலை. இது மீன்களை நோக்கிப் பெற்றது. 1980-ஐ ஒட்டி ஒழுங்காகத் தொடங்கிய குவாசர் அளவைகள் சில ஆண்டுகளிலேயே ஒரு முரணைக் காட்டின. வாய்பாடு சொன்ன இடத்தில் அச்சு இல்லை. பிழை ஆண்டுதோறும் ஒரே திசையில் வளர்ந்தது.

எனினும் உடனே துணிதற்கு இயலவில்லை. அச்சின் பெருவட்டத்தின்மீது சிற்றலைகளும் உண்டு. அவற்றுள் பெரியது 18.6 ஆண்டில் ஒருமுறை வந்து மீள்வது. இக்காலம் நமக்குப் புதிதன்று. இராகு கேதுக்கள் இராசிச் சக்கரத்தைச் சுற்றிவரும் காலமே அது. திங்களின் வீதி ஞாயிற்று வீதியை வெட்டும் புள்ளிகளே இராகுவும் கேதுவும். அவை சுழலச் சுழலத் திங்களின் ஈர்ப்பும் திசைமாறி அச்சை அசைக்கின்றது. ஓர் இராகு சுற்று முழுதும் நோக்கினால் அன்றி, வளரும் பிழையையும் வந்து மீளும் அலையையும் பிரித்தல் அரிது. இருபது ஆண்டு நோக்கிய பின்னர், பழைய வாய்பாடு நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 0.3 விகலை மிகுதி எனத் துணியப்பட்டது. 2006-இல் ஏற்கப்பட்ட வாய்பாடு 5028.796 விகலை என்கின்றது. இவ்வீதமும் மாறாததன்று, நூற்றாண்டுதோறும் மிகச் சிறிதே கூடுகின்றது என்பதும் அவ்வாய்பாட்டிலேயே அடங்கும்.

இதனோடு விண்ணின் நட்டகோலும் மாறிற்று. 1998 சனவரி 1 முதல் 212 வானொலி மூலங்கள் விண்ணளவையின் அடிப்படையாயின. 2019 சனவரி 1 முதல் அவ்வடிப்படை மூலங்கள் 303. நீண்ட தாரைகளைப் பீறிடும் மூலங்களில் இடம் மயங்குமாதலின், செறிந்து புள்ளிபோல் தோன்றுவனவே இவ்வடிப்படைக்குத் தெரிந்தெடுக்கப்படுகின்றன. இவையும் முற்றும் அசையாதன என்றல் கூடாது. ஞாயிறு பால்வீதியில் வளைந்து செல்வதால் இவை யாவும் மிக நுண்ணிய பெயர்ச்சி ஒன்று உடையனபோல் தோன்றும். 2019-இன் அளவையில் அதுவும் கணக்கிற் கொள்ளப்பட்டுள்ளது.

7. நம் நூல்கட்கு இதனால் ஆவது என்னை

0.3 விகலைத் திருத்தம் இலக்கிய ஆராய்ச்சிக்கு எவ்வளவு? ஆண்டுக்கு விகலையின் ஆயிரத்தில் மூன்று கூறாகலின், இரண்டாயிரம் ஆண்டிற்கு ஆறு விகலை. ஞாயிறு அவ்வளவைக் கடக்க இரண்டரை நிமிடம் போதும். நாளையும் திங்களையும் தேடும் நமக்கு இது ஒன்றுமில்லை எனலாம். ஆனால் ஒன்றுமில்லை என்று துணிந்து கூறமுடிதலே இவ்வளவையால் நாம் பெற்ற பேறு. பழைய 54 விகலைக் கணக்கில் இரண்டு நாள் ஐயம் இருந்தது, இன்று இல்லை.

பரிபாடலின் பதினோராம் பாட்டில் நல்லந்துவனார் கூறும் கோள்நிலைகளைக் கணித்து எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை கி.பி. 634 என ஆண்டு வரைந்தார். அதனை ஏற்றாரும் உளர்; மறுத்தாரும் உளர். மறுப்போர் அயன சலனத்தின் ஐயப்பாட்டைக் காரணமாகக் காட்டுதற்கு இனி இடமில்லை. எக்கோள் எவ்விராசியில் நின்றது எனப் பாட்டு கூறுகின்றது, உரை அதனை எவ்வாறு கொண்டது, கூறப்பட்டது கண்ட காட்சியா புனைந்த காட்சியா என்பனவே உண்மையான வினாக்கள். அவை வானூலார் தீர்ப்பன அல்ல. நாம் தீர்க்க வேண்டுவன.

இன்னும் ஒரு சான்று காட்டுதும். நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் அரண்மனைக்குத் திசை கண்டு மனைவகுத்த செய்தி கோல் நட்டு நிழல் நோக்கும் முறையால் கூறப்படுகின்றது. பாட்டு அவ்விடத்துத் திங்களைக் குறிக்கவில்லை. உரைகண்ட நச்சினார்க்கினியரே அதனைச் சித்திரைத் திங்களின் நடுப்பத்தினுள் ஒருநாள் நண்பகல் என வரையறுக்கின்றார். ஞாயிறு ஒருபுறமும் சாராது உச்சியில் நின்ற நாள் என்பது கருத்தாயின், அந்நாளைக் கணித்தல் எளிது. மதுரை 9.9 பாகையில் உள்ளது. அங்கு அந்நாள் இன்று சித்திரை 3-ஐ ஒட்டி வரும். மேடத் தொடக்கமும் சமநாளும் ஒன்றிய பழங்காலத்தில் சித்திரை 26, 27-இல் வந்திருக்கும். நச்சினார்க்கினியர் வாழ்ந்ததாகக் கருதப்பெறும் பதினான்காம் நூற்றாண்டிலோ, மதுரையில் சித்திரை 12, 13-ஐ ஒட்டியும், கம்மாபுரத்தை ஒத்த அகலக்கோட்டில் 17-ஐ ஒட்டியும் வந்திருத்தல் வேண்டும். இரண்டும் நடுப்பத்தினுள் அடங்குகின்றன. அக்காலப் பஞ்சாங்கத்தின் ஆண்டளவு இற்றை அளவினின்று சிறிது வேறுபடினும், ஓரிரு நாளுக்கு மேல் இக்கணக்கு மாறாது.

ஆகவே உரையாசிரியர் கூறிய நாள் பாட்டுத் தோன்றிய காலத்துக்கு உரியதன்று, தம் காலத்து வானத்தை நோக்கி உரைத்தது எனக் கருத இடமுண்டு. இதனை முடிந்த முடிபாகக் கூறுகின்றோம் அல்லேம். நிழல் சாயாமை என்பதனை முற்பகல் பிற்பகல் நிழல்களின் ஒப்புமையாகக் கொள்வார்க்கு இக்கணக்குப் பொருந்தாது. ஆயின், உரையிலுள்ள ஒரு நாட்குறிப்பைக் கொண்டு பாட்டின் காலத்தைத் துணிய முற்படுவோர், முதலில் அது யார் கண்ட வானம் என வினவிக்கொள்ளுதல் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

கம்மாபுரத்தில் நட்ட கோலினின்று தொடங்கினோம். அதன் நிழல் ஆண்டுதோறும் தவறாது ஒடுங்குகின்றது. அந்நாளுக்கு நாம் இடும் திங்கட்பெயர்தான் நூற்றாண்டுதோறும் விலகுகின்றது. விலகும் வீதத்தை, கண்ணுக்குத் தெரியாத மூலங்களின் துணையால் இன்று ஐயமற அறிந்துள்ளோம். எஞ்சிய ஐயம் வானத்தில் இல்லை. நம் ஏடுகளைப் படிக்கும் முறையிலேயே உள்ளது. அதனைத் தீர்க்கும் கடமை தமிழாராய்ச்சியாளராகிய நம்முடையதே.